கேப்டன் பெரியம்மா

2025 ஜூலையில் பெரியம்மா இறந்த அன்று மாலைக்குள், வெலிங்டன் பஜாரிலிருந்து பாய்ஸ் கம்பெனி வரைக்கும் தெருப்பையன்கள் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளை ஒட்டிவிட்டார்கள். சாரலில் நனைந்து ஓரம் சுருண்டிருந்த அந்தத் தாளில், பெரியம்மாவின் படத்துக்குக் கீழே ‘முன்னாள் ராணுவ வீரரின் அன்பு மனைவி’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. யாரும் கேட்காமல் கைக்காசைச் சேர்த்து அச்சடித்துக்கொண்டு வந்த பிள்ளைகள் அவர்கள். அவர்களில் பாதிப் பேருக்குக் காய்ச்சலில் ஊசி போட்டவர் பெரியம்மாதான் என்பதால், அந்த அன்பைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அச்சிட்ட சொற்களில் பொய்யும் இல்லை. ஆனால் 1963 முதல் 1978 வரை பதினைந்து ஆண்டுகள் இந்திய ராணுவச் செவிலியர் பணியில் அதிகாரியாக இருந்து, தோளில் மூன்று நட்சத்திரங்களோடு கேப்டனாக வெளியே வந்தவர் அவர் என்பதற்கு அந்தத் தாளில் ஓர் எழுத்துகூட இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

நான் அவருடைய தங்கை மகள். எனக்கு ஏழு வயதாக இருந்தபோது அப்பா தவறிவிட்டதால், குன்னூரில் இருந்து படிக்கட்டும் என்று அம்மா என்னைப் பெரியம்மா வீட்டில் கொண்டுவந்து விட்டார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கழுத்தில் தாலி ஏறும்வரை அந்த வீட்டில்தான் வளர்ந்தேன். ஆகவே நான் சொல்வதில் பாதி கண்ணால் கண்டது. மீதி, மழைக்காலத்து இரவுகளில் அடுப்படியில் உட்கார்ந்து அவர் வாயால் கேட்டது.

பெரியம்மா பிறந்தது 1938இல், அருவங்காட்டில். தாத்தாவுக்கு அங்கிருந்த வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. தொழிற்சாலைச் சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் சாப்பிட்ட குடும்பம். வேலூரில் செவிலியர் படிப்பை முடித்து மருத்துவமனை ஒன்றில் வேலையிலும் சேர்ந்துவிட்ட சமயத்தில், 1962 அக்டோபரில் சீனப் போர் வந்தது. ஒரு மாதமே நடந்த போர் அது. ஆனால் பருத்திச் சட்டையோடு இமயமலைப் பனியில் நின்ற சிப்பாய்களின் விரல்கள் உறைந்து கருகிப்போன செய்தி, பனி விழும் ஊரில் பிறந்த பெரியம்மாவைத் தூங்கவிடவில்லை. உறைபனியில் விரல் மரத்துப்போவது எப்படியிருக்கும் என்று எங்கள் மலைப்பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அவர் ராணுவத்தில் சேர்ந்துவிட்டார். லக்னோ, ஜம்மு, பிறகு புனே என்று ஊர் ஊராக மாற்றினார்கள்.

நான் வளர்ந்த வீட்டில் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 1ஆம் தேதி கேசரி கிண்டுவார்கள். பிறந்தநாளும் இல்லை, பண்டிகையும் இல்லை. ஏன் என்று நானும் வெகுகாலம் கேட்கவில்லை. கல்லூரிக்குப் போன பிறகு ஒருமுறை கேட்டபோதுதான் சொன்னார். 1888இல் பத்துச் செவிலியர்கள் இங்கிலாந்திலிருந்து பம்பாயில் வந்து இறங்கியதில் தொடங்கிய அந்தப் பணி, இந்திய ராணுவத்தின் நிரந்தரப் பிரிவானது 1926 அக்டோபர் 1 அன்றுதானாம். 1943இல் செவிலியர்களுக்கும் அதிகாரிகளுக்குரிய தகுதி வந்தது. 1976இல் அந்தப் பணியின் தலைவியாக இருந்த கெர்ட்ரூட் ஆலிஸ் ராம், இந்திய ராணுவத்தில் மேஜர் ஜெனரல் பதவிக்கு உயர்ந்த முதல் பெண்ணானார். அந்தச் செய்தியை வெட்டியெடுத்து, பெரியம்மா தன் பைபிளுக்குள் சங்கீதங்களின் பக்கத்தில் வைத்திருந்தார். தாள் பழுத்து, மடித்த இடத்தில் ஒளி தெரியும் அளவுக்கு நைந்திருந்தது. வேலையை விட்ட பிறகும் ஒருவர் தன் பிரிவின் பிறந்தநாளுக்குத் தனியாக அடுப்பு மூட்டி இனிப்புச் செய்வது எத்தகைய பற்று என்பதை, அப்போது நான் சரியாக உணர்ந்துகொள்ளவில்லை.

பெரியப்பா அவர் வாழ்வில் வந்தது 1971 போருக்குப் பின். 1959இல் வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்தவர். 1758இல் தொடங்கிய, நம் ராணுவத்தின் மிகப் பழைய காலாட்படை அது. அதன் வீரர்களை மற்ற ரெஜிமெண்டுக்காரர்கள் ‘தம்பி’ என்றே கூப்பிடுவார்கள் என்பதில் பெரியப்பாவுக்குத் தனிப் பெருமை உண்டு. ‘வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு’ என்ற அந்தப் போர் முழக்கத்தை, கொல்லைப்புறத்தில் குரங்கு வந்தால்கூட உரக்கச் சொல்லித்தான் விரட்டுவார். 16ஆம் பட்டாலியனில் ஹவில்தாராக இருந்தபோது, மேற்கு முனையில் பசந்தர் ஆற்றுக்கு அப்பால் கண்ணிவெடிகள் புதைத்த நிலத்தைக் கடக்கையில், டிசம்பர் 15 இரவில் அவருடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே சிதைந்தது. மறுநாள் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. அதற்கு மறுநாள் மேற்கிலும் துப்பாக்கிகள் ஓய்ந்தன. இரண்டு நாள் தாமதமாகியிருந்தால் அந்தக் கால் இருந்திருக்கும் என்று பெரியப்பா சொல்லி நான் கேட்டதே இல்லை. மற்றவர்கள்தான் சொல்வார்கள்.

புனேயிலிருந்த ராணுவ மருத்துவமனையில், 1972 ஜனவரியில், இரவுப் பணியில் இருந்தவர் பெரியம்மா. வார்டு முழுக்க வட இந்தியச் சிப்பாய்கள். அந்த நடுவில் ஒரு கட்டிலிலிருந்து காய்ச்சல் வேகத்தில் தமிழ்க் குரல் வந்தது: “சிஸ்டர், இடது கால்ல கம்பளி வெலகிக் கெடக்கு. குளிருது. இழுத்து விடுங்க.” இடது கால் அங்கே இல்லை. பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. கம்பளியை இழுத்து, கால் இருந்திருக்க வேண்டிய வெற்று மெத்தையின் மேல் மூடி, ஓரத்தைச் செருகிவிட்டு, பாதம் இருந்திருக்கும் இடத்தில் சற்று நேரம் கையை வைத்துக்கொண்டிருந்தாராம். பெரியப்பா தூங்கிவிட்டார். இதை என்னிடம் இருவரும் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறார்கள். பெரியப்பா சொல்லும்போது கம்பளியோடு நிறுத்திவிடுவார். கையை வைத்திருந்த கதையைப் பெரியம்மாவிடமிருந்துதான் அறிந்தேன்.

காய்ச்சல் இறங்கிய பிறகு எந்த ஊர் என்று விசாரித்திருக்கிறார். “வெலிங்டன், சிஸ்டர்” என்று பதில் வந்ததும், “நான் அருவங்காடு” என்றிருக்கிறார். மலை ரயிலில் அடுத்தடுத்த நிலையங்கள் அவை. இருவரும் ஒரே சங்கொலி கேட்டு வளர்ந்தவர்கள். ஒருவரையொருவர் அறிய நாட்டின் இன்னொரு மூலைக்குப் போகவேண்டியிருந்தது.

1944இல் புனேயில் தொடங்கிய ராணுவச் செயற்கை உறுப்பு மையத்தில் பெரியப்பாவுக்குக் கால் பொருத்தினார்கள். அந்தக் காலுக்கு அவர் வைத்த பெயர் ‘பூனா’. ஊனமுற்ற வீரர்களுக்காக 1917இல் ஏற்பட்டு, பின்பு கிர்க்கியில் நிலைத்த தொழிற்பயிற்சி நிலையத்தில் ரேடியோ பழுதுபார்க்கக் கற்று, ஊர் திரும்பி, குன்னூரில் சின்னதாக ஒரு கடை போட்டார். கடிதங்கள் ஆறு ஆண்டுகள் போய்வந்தன. தங்கைகளின் கல்யாணக் கடன் பெரியம்மாவின் தலையில் இருந்தது. இன்னொன்றும் இருந்தது: அவர் அதிகாரி, இவர் ஹவில்தார், அதோடு இவர் இரண்டு வயது இளையவர். அந்தக் காலத்தில் இதெல்லாம் சின்ன விஷயமில்லை.

1977 டிசம்பரில் விடுப்பில் வந்த பெரியம்மா, கடைக்கே போய்ப் பார்த்திருக்கிறார். அம்மாவை இழந்து தனியாக இருந்த பெரியப்பா, அளவு பொருந்தாத பழைய காலைக் கட்டிக்கொண்டு, குன்னூரின் ஏற்ற இறக்கத்தில் தினமும் நடந்து, கால் முனையில் புண் வைத்துக்கொண்டிருந்தார். ஆறு மாதமாக அதைக் கடிதத்தில் எழுதவே இல்லை. பெரியம்மா அந்தப் புண்ணைக் கடையின் பலகையிலேயே உட்காரவைத்துச் சுத்தம் செய்து கட்டிவிட்டு, புனேக்குத் திரும்பியதும் திருமணத்துக்கு மனுக் கொடுத்துவிட்டார்.

அந்த மனு எதற்குச் சமம் என்று அவருக்குத் தெரியும். ராணுவச் செவிலியர் பணியில் நிரந்தரமாக இருக்கும் பெண் திருமணம் செய்துகொண்டால் பணியிலிருந்து விடுவிக்கப்படலாம் என்பதை 1977ஆம் ஆண்டின் ஆணை ஒன்று விதித்திருந்தது. ஆண் அதிகாரிகளுக்கு அப்படி ஒரு விதி இல்லை. இருபது ஆண்டுகள் முடித்தால்தான் ஓய்வூதியம். அவருக்கு ஆகியிருந்தது பதினைந்து. இன்னும் ஐந்தே ஆண்டுகள் பொறுத்துக்கொள் என்று மேலதிகாரி முதல் தாத்தா வரை எல்லாரும் சொன்னார்கள். அதற்குப் பெரியம்மா சொன்ன பதிலை அம்மா எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார்: “அஞ்சு வருஷத்துல அந்தப் புண்ணு முட்டிக்கு மேல போயிரும். முட்டி இருக்கற வரைக்கும்தான் மனுசன் மனுசனா நடப்பான். முட்டி போச்சுன்னா அவரு கடைக்கும் போகமாட்டாரு, வெளியவும் வரமாட்டாரு.” காதல் என்ற சொல்லை அந்த வீட்டில் நான் கேட்டதில்லை. ஒரு செவிலியரின் கணக்காகவே அவர் அதைச் சொன்னார். 1978இல் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டு, பணிக்கொடையோடு ஊர் வந்து, நாற்பதாவது வயதில் கழுத்தை நீட்டினார்.

முட்டி போகவில்லை. முப்பத்து மூன்று ஆண்டுகள், பெரியப்பா இறக்கும்வரை, அந்த முழங்கால் இருந்தது. அது எப்படி இருந்தது என்பதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் அதுதான் அவருடைய இரண்டாவது பணிக்காலம்.

ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்து பூனாவைக் கழற்றுவார். பெரியம்மா முக்காலியைப் போட்டுக்கொண்டு எதிரே உட்காருவார். அலுமினியச் சட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர், வாசனையில்லாத சோப்பு, பழைய வேட்டியைக் கிழித்த மெல்லிய துண்டு. ‘ஸ்டம்ப்’ என்று மருத்துவமனைச் சொல்லாலேயே அவர் குறிப்பிடும் அந்தக் கால் முனையைக் கழுவி, தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, விளக்கை அருகில் இழுத்துவைத்துச் சுற்றிலும் பார்ப்பார். அடிப்பக்கம் தெரியாதாகையால் ஒரு கைக்கண்ணாடியைக் கீழே பிடித்துப் பார்ப்பார். எங்காவது சிவந்திருந்தால் கட்டைவிரலால் அழுத்தி, சிவப்பு மறைந்து திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பார். சீக்கிரம் மறையாத சிவப்பு என்றால் மறுநாள் பூனாவுக்கு விடுமுறை. பெரியப்பா எவ்வளவு கெஞ்சினாலும் கடை திறக்காது. பூனாவுக்குள் போடும் கம்பளிக் காலுறையை அன்றன்றே துவைத்துவிடுவார். வடகிழக்குப் பருவமழையில், ஐப்பசி கார்த்திகை மாதங்களில், குன்னூர்ப் பக்கம் துணி நாள்கணக்கில் காயாது என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். ஈரக் காலுறை ஒரு நாள் போட்டால் தோல் ஊறிப் பிய்ந்துவிடும். அதனால் அடுப்புக்கு மேலே கயிறு கட்டி, அதில் ஆறு காலுறைகள் எப்போதும் முறைவைத்துக் காய்ந்துகொண்டிருக்கும். எங்கள் வீட்டுச் சமையலறையின் முதல் நினைவு எனக்கு அதுதான்.

எங்கள் மலையில் தலைவலிக்கும் கால்வலிக்கும் சளிக்கும் எல்லாவற்றுக்கும் நீலகிரித் தைலம். அக்கம்பக்கத்துப் பெண்கள் அதைத் தேய்க்கச் சொல்லி எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்கள். பெரியம்மா அந்தப் புட்டியைப் பெரியப்பாவின் அறைக்குள் நுழையவே விட்டதில்லை. தைலம் பட்ட தோல் தோலுறைக்குள் வெந்துபோகும் என்பார்.

இல்லாத காலின் வலி வேறு. நரம்பு அறுந்தாலும் மூளைக்குள் அந்தப் பாதத்தின் இடம் அப்படியே இருக்கிறது. அதனால் இல்லாத விரல்கள் முறுக்கிக்கொள்ளும், இல்லாத குதிகால் எரியும். உறைபனி விழும் மார்கழி இரவுகளில் பெரியப்பா பல்லைக் கடித்துக்கொண்டு, “சிஸ்டர்” என்று கூப்பிடுவார். மற்ற நேரங்களில் பெயர் சொல்லியும் “இங்க பாரும்மா” என்றும் கூப்பிடுபவர், வலியில் மட்டும் “சிஸ்டர்” என்பார். “இதோ வந்தேங்க” என்று பெரியம்மா எழுந்துபோய், கட்டிலின் காலடியில் உட்கார்ந்து, கம்பளியின் மேல் வெறும் இடத்தைப் பிடித்துவிடுவார். ஒருநாள் கதவிடுக்கில் அதைப் பார்த்த நான், பெரியம்மாவுக்கு இருட்டில் கண் தெரியவில்லை என்றே நினைத்தேன்.

தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் கண்ணாடியைக் கொண்டு இந்த வலியைத் தணிக்கும் வழியைக் கண்டபோது, அந்தச் செய்தியைப் பெரியம்மா பத்திரிகையில் படித்திருக்கிறார். மறுநாளே பீரோவின் ஆளுயரக் கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, பெரியப்பாவின் இரு கால்களுக்கும் நடுவே நிறுத்தி, வலது காலின் பிம்பம் இடது கால் இருந்த இடத்தில் தெரியும்படி வைத்து, “விரல விரிங்க, மடக்குங்க” என்று பயிற்சி கொடுத்தார். பெரியப்பா கண்ணாடிக்குள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ரெண்டும் இருக்கு, சிஸ்டர்” என்றார். ஒவ்வொரு முறையும் அது பலித்தது என்று சொல்ல மாட்டேன். பலித்த இரவுகளில் வீடே தூங்கியது.

பகலில் அவர் ஒரு தேயிலைத் தோட்டத்தின் மருத்துவமனையில் செவிலியராக இருந்தார். 2009 நவம்பரில் மண்சரிவுகளில் மாவட்டம் முழுவதும் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்த சமயத்தில், எழுபத்தொரு வயதில், பள்ளிக்கூடத்தில் தங்கவைக்கப்பட்டவர்களுக்குக் கட்டுப்போட இரண்டு நாள் போய்வந்தார். இதையெல்லாம் ஊர் நினைவில் வைத்திருக்கிறது. ராணுவம்தான் நினைவில் இல்லை. ஒருமுறை ஓர் அலுவலகத்தில் முன்னாள் படைவீரர்களுக்கான படிவத்தை அவர் கேட்டபோது, மேஜைக்குப் பின்னால் இருந்தவர் தலை நிமிராமல், “உங்க வீட்டுக்காரர் நம்பர் சொல்லுங்கம்மா” என்றார். பெரியம்மா பெரியப்பாவின் எண்ணைச் சொன்னார். பக்கத்தில் நின்ற எனக்குத் தொண்டை அடைத்தது. வெளியே வந்ததும், “உங்க நம்பர ஏன் சொல்லல?” என்று கேட்டேன். “அவரு கேட்டது அதையில்லையே” என்றார்.

2011இல் பெரியப்பா போனார். கல்லறைக்குப் பூனாவையும் சேர்த்தே அனுப்பினார் பெரியம்மா.

பத்து ஆண்டுகளுக்குப் பின், 2021 டிசம்பர் 8 அன்று, காட்டேரிக்குப் பக்கத்தில் நஞ்சப்பசத்திரத்தில் முப்படைத் தளபதி பிபின் ராவத்தின் ஹெலிகாப்டர் விழுந்தது. ஊர்மக்கள் குடத்தில் தண்ணீர் கொண்டு ஓடியதையும், கம்பளிகளில் ஆட்களைத் தூக்கிவந்ததையும் கேட்டபோது, பெரியம்மா முதலில் கேட்டது, “யாருக்காவது உசுரு இருக்கா?” என்பதுதான். ஒருவருக்கு இருந்தது. மறுநாள் உடல்கள் வெலிங்டனிலிருந்து சூலூருக்குப் போகும்போது சாலையோரத்தில் எல்லாரும் பூத் தூவினார்கள். கம்பை என் கையில் கொடுத்துவிட்டு, எண்பத்து மூன்று வயதுப் பெரியம்மா நிமிர்ந்து நின்று, ஒவ்வோர் ஆம்புலன்ஸுக்கும் சல்யூட் வைத்தார். கை புருவத்தோடு வந்து நின்ற விதத்தில் சற்றும் தளர்ச்சி இல்லை. பக்கத்தில் நின்ற பெண், “பெரியவர்கிட்டக் கத்துக்கிட்டாங்க போல” என்று தன் மகளிடம் சொன்னாள். அன்றே நான் திருத்தியிருக்க வேண்டும். வாய் திறக்காமல் நின்றுவிட்டேன். உயிரோடு மீட்கப்பட்ட குரூப் கேப்டன் வருண் சிங்கை பெங்களூருவுக்கு மாற்றியதிலிருந்து, தினமும் காலையில் அவர் நிலைமையை என்னிடம் போனில் விசாரிப்பார். 15ஆம் தேதி செய்தி வந்தபின் விசாரிக்கவில்லை.

2024 பிப்ரவரியில், திருமணம் செய்துகொண்டதற்காக 1988இல் பணியிலிருந்து விடுவிக்கப்பட்ட ராணுவச் செவிலியர் அதிகாரி ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்த விதியை 1995இலேயே விலக்கிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அது தொடக்கத்திலேயே பாலினப் பாகுபாடு என்றும், தன்னிச்சையானது என்றும் கூறி, அவருக்கு அறுபது லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது நீதிமன்றம். நாளிதழை எடுத்துக்கொண்டு வெலிங்டனுக்குப் போனேன். வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பெரியம்மாவுக்கு வரிவரியாகப் படித்தேன்.

“என்ன ரேங்க் அந்தப் புள்ள?”

“லெப்டினன்ட், பெரியம்மா.”

“எங்கள அனுப்புனது தப்புன்னு எழுதிட்டாங்களா?”

“ஆமா.”

“அந்த வரிய மறுபடி படி.”

படித்தேன். நீங்களும் கேட்கலாமே, வழக்கறிஞரைப் பார்க்கட்டுமா என்றேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார். வெகுநேரம் சென்று, எதிர்மலையைப் பார்த்தபடியே சொன்னார்: “உங்க பெரியப்பாவக் கட்டிக்கிட்டதுல எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா ரெண்டையும் வெச்சிருந்திருக்கலாம் இல்ல?”

அவரிடமிருந்து நான் கேட்ட ஒரே முறையீடு அது. நாற்பத்தாறு ஆண்டுகள் அதை மனதில் வைத்துக்கொண்டுதான் காலுறை துவைத்தார், கேசரி கிண்டினார், என்னை வளர்த்தார்.

அவர் போன பிறகு, தையல் டப்பாவின் அடியில், பொத்தான்களோடு மூன்று நட்சத்திரங்களைக் கண்டெடுத்தேன். பித்தளை கறுக்காமல் இருந்தது, துலக்கிக்கொண்டே இருந்திருக்கிறார். பெரியப்பாவின் கல்லறைக்கு அவர் எழுதிக்கொடுத்த வாசகத்தில் முதல் வரி ‘ஹவில்தார், மெட்ராஸ் ரெஜிமெண்ட்’. பக்கத்தில் பெரியம்மாவுக்கு வைக்கப்போகும் கல்லுக்கு, சொந்தக்காரர்கள் சுவரொட்டியில் இருந்த வாசகத்தையே எழுதிக்கொடுத்திருந்தார்கள். நான் அந்தத் தாளை வாங்கி, ‘கேப்டன், இந்திய ராணுவச் செவிலியர் பணி, 1963–1978’ என்று மேலே ஒரு வரி சேர்த்து, அதற்குக் கீழே அவர்கள் எழுதியதை அப்படியே விட்டுவிட்டு, கல் கொத்துபவரிடம் கொடுத்தேன். அவர் எழுத்துகளை விரலால் எண்ணிக் கூலி சொன்னார். பிறகு, ஒரே கல்லில் இவ்வளவும் பிடிக்காது, எழுத்தைச் சின்னதாக்கவா, இல்லை ஒரு வரியை எடுத்துவிடவா என்று கேட்டார். பெரிய கல்லாகப் பார்க்கச் சொல்லிவிட்டு வந்தேன்.